அக்டோபர் பேக்கேஜ்: மார்பகப் பரிசோதனையில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

மார்பகப் புற்று விழிப்புணர்வு மாதமான அக்டோபர் பிறந்தால் லேப் வாசல்களில் இளஞ்சிவப்பு ரிப்பன் தொங்க ஆரம்பித்துவிடும். "பெண்கள் நலப் பேக்கேஜ், 60-க்கும் மேற்பட்ட சோதனைகள், பாதி விலை" என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் சுற்றும். அந்த 60-ஐ உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் சங்கதி புரியும். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி ஒன்றையே இருபது வரியாகப் பிரித்து, இருபது சோதனை என்று கணக்குக் காட்டியிருப்பார்கள். கொழுப்பு எட்டு, கல்லீரல் பத்து, தைராய்டு மூன்று, சிறுநீர் பத்துப் பதினைந்து. மார்பகத்துக்கென்று உள்ளே இருப்பது ஒன்றோ இரண்டோதான்.

அந்த ஒன்றிரண்டும் இடத்துக்கு இடம் மாறும். ஓர் இடத்தில் ரத்தத்தில் சிஏ 15-3, இன்னோர் இடத்தில் அல்ட்ராசவுண்ட், வேறோர் இடத்தில் "கதிர்வீச்சே இல்லாத" வெப்பப் படம், விலை கூடினால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, இன்னும் கூடினால் எச்சில் கொடுத்துச் செய்யும் மரபணு சோதனை. ஒரே ரிப்பனைக் கட்டி விற்றாலும் இவை ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. எனவே இது எந்தவொரு லேபைப் பற்றிய விமர்சனமும் இல்லை. பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருக்கும் சரக்கை ஒவ்வொன்றாக எடை போடும் வேலை.

அதற்கு முன் ஒன்று. மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்படுகிறவர் இந்தப் பேக்கேஜை வாங்கவே கூடாது. காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டவர், தோலில் குழி விழுந்தவர், ஒரு பக்கக் காம்பிலிருந்து மட்டும் ரத்தம் கசிகிறவர், இவர்களும் அப்படியே. பேக்கேஜில் எடுப்பது அறிகுறி இல்லாதவருக்கான ஸ்கிரீனிங் படம். மார்பைத் தொட்டுப் பார்க்க டாக்டர் இருக்க மாட்டார், எந்த இடத்தில் சந்தேகம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கட்டி உள்ளவருக்குத் தேவை வேறு: கட்டியின் மேல் தோலில் அடையாளம் ஒட்டி, அந்த இடத்தை மட்டும் தனியாக அழுத்தி எடுக்கும் படம், அதே இடத்தில் குறிவைத்துச் செய்யும் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுக்கும் பயாப்சி. கையில் தட்டுப்படும் சில புற்றுகள் மேமோகிராமில் தெரியவே தெரியாது. "மேமோகிராம் நார்மல்" என்ற ஒரு வரி ரிப்போர்ட் அப்படிப்பட்டவரின் ஆறு மாதத்தைத் தின்றுவிடும். அவர் போக வேண்டியது சர்ஜனிடம், லேபுக்கு இல்லை.

இனி சரக்கு.

சிஏ 15-3: வேண்டாம். இது ஏற்கெனவே பரவிய மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை நடக்கும்போது, மருந்து கேட்கிறதா என்று பார்க்கப் பயன்படும் ரத்தக் குறியீடு. ஆரம்ப நிலைப் புற்று உள்ள பலருக்கு இது ஏறாது. கல்லீரல் கோளாறு போன்ற வேறு காரணங்களாலும் ஏறும். ஆரம்பத்தில் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தச் சொல்லும் பெரிய புற்றுநோய் மருத்துவ அமைப்பு எதுவும் இல்லை. இருந்தும் பேக்கேஜில் ஏன் இருக்கிறது என்றால், ஏற்கெனவே எடுத்த ரத்தத்திலேயே இதையும் ஓட்டிவிடலாம், தனியாக மெஷினோ ஆளோ தேவையில்லை. "கேன்சர் மார்க்கர் நார்மல்" என்று படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதுதான் இதிலுள்ள ஆபத்து.

வெப்பப் படம்: தனியாக எடுத்தால் காசுக்கு நட்டம். புற்றுக்கட்டியைச் சுற்றி ரத்த ஓட்டம் கூடும், அதனால் தோலின் சூடு கூடும் என்பது இதன் அடிப்படை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சூடு சீழ்க்கட்டியிலும் கூடும், மாதவிலக்குச் சுழற்சியிலும் மாறும். ஆழத்தில் இருக்கும் சிறு கட்டியின் சூடு தோலுக்கு வந்து சேராமலே போகலாம். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1982-லேயே இதை மற்றப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கும் துணைக் கருவியாக மட்டும்தான் ஏற்றது. மேமோகிராமுக்கு மாற்று என்று விற்கிறவர்களை அதற்குப் பிறகும் பலமுறை எச்சரித்திருக்கிறது. சமீபத்தில் இதோடு ஏஐ மென்பொருளைச் சேர்த்து விற்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது, இதை வைத்துப் பரிசோதித்ததால் மார்பகப் புற்றில் சாகிறவர் எண்ணிக்கை குறைந்தது என்று காட்டிய ஆய்வு உண்டா என்பதுதான். மேமோகிராமுக்கு அப்படிப்பட்ட ஆய்வுகள் 1963-ல் நியூயார்க்கில் தொடங்கி வரிசையாக உண்டு. "வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, தொடுவது இல்லை" என்ற மூன்று இல்லைகளும் உண்மைதான். நான்காவதாக, ஆதாரமும் இல்லை.

மேமோகிராம்: நின்று பார்க்க வேண்டிய சரக்கு

பேக்கேஜில் காசு பெறுவது இது ஒன்றுதான். ஆனால் மேமோகிராம் என்று பெயர் இருந்தாலே போதாது. ஒரே விலைக்கு நல்ல படமும் கிடைக்கும், குப்பைப் படமும் கிடைக்கும். தனியார் ஸ்கேன் சென்டர்களில் இரு பக்கமும் சேர்த்து எடுக்கப் பொதுவாக ஆயிரத்தைந்நூறிலிருந்து மூவாயிரத்தைந்நூறு வரை வாங்குகிறார்கள். விலையை வைத்துத் தரத்தைக் கணிக்க முடியாது.

புக் செய்வதற்கு முன் போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மெஷின் டிஆரா, சிஆரா என்பது. இரண்டையுமே "டிஜிட்டல்" என்றுதான் விளம்பரம் செய்வார்கள். சிஆர் என்பது பழைய எக்ஸ்ரே மெஷினில் ஃபிலிமுக்குப் பதிலாகப் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் பூசிய தகடுள்ள கேசட்டைச் செருகி, பிறகு அதைத் தனி ரீடரில் போட்டுப் படிப்பது. டிஆரில் டிடெக்டர் மெஷினுக்குள்ளேயே இருக்கும், படம் நேராகத் திரைக்கு வந்துவிடும். இது வெறும் வசதி வித்தியாசம் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பரிசோதனைத் திட்டத்தில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2013-ல் வந்தது. ஆயிரம் பேருக்கு டிஆர் 4.9 புற்றுகளைக் கண்டுபிடித்த இடத்தில் சிஆர் 3.4-தான் கண்டுபிடித்தது. அந்த மாகாணம் உடனே சிஆர் மெஷின்களை மாற்றிவிட்டது. "படம் எடுத்ததும் டெக்னீஷியன் கேசட்டை உருவிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவாரா?" என்று கேட்டாலே பதில் கிடைத்துவிடும்.

நாள் குறிக்கும்போது, மாதவிலக்கு நிற்காதவர்கள் விலக்கு தொடங்கிய நாளிலிருந்து 7-க்கும் 14-க்கும் இடையில் போவது நல்லது. அப்போது மார்பில் வீக்கமும் வலியும் குறைவு, அழுத்துவதைத் தாங்கலாம். புடவையோ சுடிதாரோ, மேல்பாதியை மட்டும் கழற்றும்படியான உடை போதும். அன்று காலை பவுடர், ரோல்-ஆன், துத்தநாகக் களிம்பு எதுவும் கூடாது. நம் ஊர் வெயிலில் மார்புக்கு அடியில் வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அதில் இருக்கும் பொடித் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். ஆரம்ப நிலைப் புற்றின் முக்கியத் தடயமும் இதே மாதிரி பொடிப் பொடியான சுண்ணாம்புப் புள்ளிகள்தான். ஈரத்துணியால் அக்குளையும் அடிமடிப்பையும் நன்றாகத் துடைத்துவிட்டு நின்றால் வீணாக ஒரு படம் திரும்ப எடுக்க வேண்டியிருக்காது. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று தயங்குகிறவர்களை வற்புறுத்த வேண்டியதும் இல்லை. சரடை முதுகுப் பக்கம் தள்ளிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டால் படத்தில் விழாது. கழுத்துச் சங்கிலி, காது ஜிமிக்கி கழற்றியாக வேண்டும்.

மொத்தம் நான்கு படங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு: மேலிருந்து கீழாக எடுப்பது சிசி, அக்குள் வரை சாய்வாக எடுப்பது எம்எல்ஓ. ஒவ்வொன்றிலும் மார்பைப் பிளாஸ்டிக் தட்டால் பத்து முதல் இருபது கிலோ எடை வைத்தாற்போல் சில விநாடி அழுத்துவார்கள். வலிக்கும். "எங்களிடம் வலியே இல்லை" என்று ஒரு சென்டர் சொன்னால், அவர்கள் சரியாக அழுத்துவதில்லை என்றும் பொருள் கொள்ளலாம். அழுத்துவதால் திசு விரிந்து, ஒன்றின் மேல் ஒன்று படிந்து மறைப்பது குறைகிறது. ஆடாமல் இருப்பதால் படம் கலங்காது. பருமன் குறைவதால் கதிர்வீச்சும் குறைவாகவே போதும். நான்கு படத்துக்கும் சேர்த்து விழும் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவர்ட், சும்மா வீட்டில் இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஏழு வாரத்தில் உடம்பில் விழும் அளவு அது.

படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க ரேடியாலஜி படித்திருக்க வேண்டியதில்லை. எம்எல்ஓ படத்தில் மேல் மூலையிலிருந்து இறங்கும் மார்புத் தசை ஒரு வெள்ளை ஆப்பு மாதிரி தெரியும். அது காம்பின் மட்டம் வரைக்குமாவது இறங்கியிருக்க வேண்டும். பாதியில் நின்றுபோனால், பின்பக்கத் திசுவை மெஷினுக்குள் இழுத்து வைக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பின்பக்கத்தில் கட்டி இருந்தால் படத்திலேயே இருக்காது. காம்பு பக்கவாட்டில் துருத்திக்கொண்டு தெரிய வேண்டும். திசுவின் மேல் படிந்து விழுந்தால் அதுவே ஒரு கட்டி போலத் தோன்றிப் பயமுறுத்தும். அடிமடிப்பு திறந்து தெரிய வேண்டும். அவசரத்தில், அக்டோபர் கூட்டத்தில், ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று ஓட்டும் இடங்களில் முதலில் அடிபடுவது இந்தப் பொசிஷனிங்தான்.

"3டி மேமோகிராம்" என்று தனி விலை போடுவது டோமோசிந்தஸிஸ். எக்ஸ்ரே குழாய் வில் மாதிரி வளைந்து நகர்ந்து பல படங்கள் எடுக்க, கம்ப்யூட்டர் அவற்றை ஒரு மில்லிமீட்டர் அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும். ஒன்றின் மேல் ஒன்று படிந்து மறைக்கும் பிரச்சினைக்கு இது நல்ல மருந்து. திசு அடர்த்தியானவர்களுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஆனால் 2டியும் 3டியும் தனித்தனியாக எடுத்தால் கதிர்வீச்சு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 3டி அடுக்குகளிலிருந்தே 2டி படத்தைக் கட்டியெடுக்கும் மென்பொருள் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, படத்தைக் கையில் எப்படித் தருகிறார்கள்? ஃபோட்டோ பேப்பரில் நான்கையும் சிறிதாக அச்சடித்துக் கொடுத்தால் அதில் பொடிப் புள்ளிகள் தெரியவே தெரியாது. ரேடியாலஜிஸ்ட் பார்ப்பது ஐந்து மெகாபிக்சல் திரையில். மூலப் படத்தை, அதாவது டைகாம் ஃபைலை, சிடியிலோ லிங்க்கிலோ கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து அடுத்த மேமோகிராம் எடுக்கும்போது இந்தப் பழைய படத்தை வைத்துத்தான் "இது முன்பே இருந்ததா, புதிதா" என்று சொல்வார்கள். பழைய படம் இல்லாததால் மட்டுமே ஊசி வரைக்கும் இழுபடுகிறவர்கள் ஏராளம்.

எந்த வயதில், எத்தனை முறை

30 வயதிலேயே "வருடாந்தர மேமோகிராம்" போட்டு விற்கும் பேக்கேஜை ஒதுக்கிவிடலாம். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2024-ல் 40 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றது. பிரிட்டனில் 50-லிருந்து 71 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை. 40-களில் பலன் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். பிரிட்டனில் 1,60,921 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், 40 வயதுவாக்கில் தொடங்கி 48 வரை ஆண்டுதோறும் எடுத்தபோது, முதல் பத்தாண்டுகளில் மார்பகப் புற்று மரணம் கால்வாசி குறைந்தது. ஆளைக் கணக்கிட்டால், ஆயிரம் பேருக்கு மேல் எடுத்து ஓர் உயிர்.

நோட்டீஸில் வராத மறுபக்கமும் ஒன்று உண்டு. பிரிட்டனில் பேராசிரியர் மைக்கேல் மார்மட் தலைமையில் 2012-ல் வந்த சார்பற்ற மறுஆய்வு போட்ட கணக்கு இது: 50 வயதில் 10,000 பெண்களை அழைத்து 20 வருடம் பரிசோதித்தால் 43 மரணங்கள் தடுக்கப்படும். கூடவே, கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் ஆயுள் முழுக்கத் தொந்தரவே தந்திருக்காத புற்றுக்காக 129 பேர் அறுவையும் கதிரும் மருந்தும் வாங்கிக்கொள்வார்கள். அந்த 129 பேர் யார் யார் என்று பிரித்துச் சொல்ல வழி கிடையாது. இதைக் கேட்ட பிறகும் 50 வயதுக்காரர் எடுத்துக்கொள்வது நியாயமான முடிவு. சொல்லாமல் விற்பதுதான் நியாயமில்லை.

அடர்த்தி, அல்ட்ராசவுண்ட், ஏஐ

ரிப்போர்ட்டில் "டென்சிட்டி" என்று ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அரைகுறை ரிப்போர்ட். மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளை, கட்டியும் வெள்ளை. அடர்த்தி அதிகமான சி, டி வகை மார்பில் கட்டியைத் தேடுவது பஞ்சு மூட்டைக்குள் மல்லிகைப் பூவைத் தேடுகிற கதை. அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர் அடர்த்தி என்ன என்று எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

அல்ட்ராசவுண்ட் இங்கேதான் கைகொடுக்கும், மேமோகிராமுக்குப் பதிலாக இல்லை, அதோடு சேர்த்து. ஜப்பானில் 40 முதல் 49 வயதுள்ள சுமார் 73,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், மேமோகிராம் மட்டும் எடுத்தபோது இருந்த புற்றுகளில் 77 சதவீதம் பிடிபட்டன, அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது 91 சதவீதம். விலையாக, ஒன்றும் இல்லாதவர்களைத் திரும்பக் கூப்பிட்டது கூடியது. தனியாக அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுக்கும் பேக்கேஜின் ஓட்டை வேறு: பொடிச் சுண்ணாம்புப் புள்ளிகளை அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் கோட்டைவிடும். மேலும் இது முழுக்க முழுக்கக் கையையும் கண்ணையும் பொறுத்தது. இரண்டு மார்பும் இரண்டு அக்குளும் முழுதாகப் பார்ப்பது நிதானமான வேலை. வயிற்று ஸ்கேனோடு சேர்த்து ஐந்தே நிமிடத்தில் முடித்தால் அது கண்துடைப்பு. டி வகை அடர்த்திக்கு இன்னும் ஒரு படி மேலே எம்ஆர்ஐ உண்டு. நெதர்லாந்தில் அப்படிப்பட்ட 40,373 பெண்களில் ஒரு பகுதியினரை எம்ஆர்ஐக்கு அழைத்தபோது, இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் முளைக்கும் புற்று ஆயிரத்துக்கு 5-லிருந்து 2.5 ஆகக் குறைந்தது. ஆனால் இதை யாரும் பேக்கேஜில் போட்டு விற்பதும் இல்லை, எல்லாருக்கும் தேவையும் இல்லை.

"ஏஐ பார்த்த மேமோகிராம்" என்ற ஸ்டிக்கருக்கு மட்டும் கூடுதல் காசு வேண்டாம். ஸ்வீடனில் 80,033 பெண்களை வைத்து நடந்த மசாய் ஆய்வில் ஏஐ நன்றாகவே உழைத்தது. படம் படிக்கும் வேலைப்பளு 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடிப்பு குறையவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு படத்தையும் இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் படிப்பது வழக்கம். ஏஐ குறைத்தது அந்த இரண்டாவது ஆளின் வேலையை. ஒரே ஒருவர் படிக்கும் இடத்தில், அவர் வேலையையும் மென்பொருளிடம் ஒப்படைப்பதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

எச்சில் சோதனை

எச்சிலில் தேடுவது, மார்பகப் புற்றைப் பரம்பரையாகக் கொண்டுவரும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுப் பழுதுகளை. பிஆர்சிஏ1 மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று மேரி-கிளேர் கிங் 1990-ல் காட்டினார். 1994-ல் மரபணுவே கையில் கிடைத்தது. அதில் பழுதுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம், பிஆர்சிஏ2-வில் 69. ஆனால் மார்பகப் புற்றுகளில் பரம்பரையாக வருபவை நூற்றில் ஐந்து முதல் பத்துதான். எனவே பேக்கேஜ் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இது தேவையே இல்லை.

தேவைப்படுகிறவருக்கும் எந்தச் சோதனை என்பதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் 2018-ல் எஃப்டிஏ வீட்டிலிருந்தே செய்யும் ஒரு கிட்டுக்கு அனுமதி தந்தபோது அது பார்த்தது மூன்றே மூன்று பழுதுகளை, அதுவும் அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. அறியப்பட்ட பிஆர்சிஏ பழுதுகளோ ஆயிரத்துக்கு மேல். குறிப்பிட்ட சில பழுதுகளை மட்டும் தேடும் எந்தக் கிட்டிலும் "நெகட்டிவ்" என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. மரபணுவை முழுசாகப் படிக்கும் சீக்வென்சிங், அதோடு பெரிய துண்டு விடுபட்டிருக்கிறதா, இரட்டித்திருக்கிறதா என்ற சோதனை, இரண்டும் சேர்ந்தால்தான் அது முழுச் சோதனை. வீட்டில் ஏற்கெனவே புற்று வந்தவர் இருந்தால் முதலில் அவருக்குத்தான் செய்ய வேண்டும். அவரிடம் பழுது பிடிபட்டால் மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். சிறு வயதில் மார்பகப் புற்று, ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் வகை, சினைப்பைப் புற்று, ஆண்களுக்கு மார்பகப் புற்று, இவை அப்பா வழியிலோ அம்மா வழியிலோ இருந்தால் கேளுங்கள். அப்பா வழியை மறந்துவிடுவது வழக்கமான தப்பு. ரிப்போர்ட்டில் "வியுஎஸ்" என்று வந்தால், அதற்கு இன்னும் அர்த்தம் கண்டுபிடிக்கப்படவில்லை என்று பொருள். அதை வைத்து மார்பை எடுக்கிற முடிவுக்குப் போகக் கூடாது.

காசில்லாமல் கிடைப்பது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டியவர்களுக்குக் கையால் தொட்டுப் பார்க்கும் மார்பகப் பரிசோதனை இலவசம். இதை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 35-க்கும் 64-க்கும் இடைப்பட்ட 1,51,538 பெண்களை இருபது வருடம் தொடர்ந்து, 2021-ல் முடிவை வெளியிட்டது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயது தாண்டியவர்களிடம் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. மொத்தமாகப் பார்த்தால் 15 சதவீதம். அது தற்செயலாகவும் வந்திருக்கக் கூடிய அளவு. 50-க்குக் கீழே பலன் தெரியவில்லை. பாதி விலைக்கு விற்கும் வெப்பப் படத்தைவிட ஒரு நர்ஸின் விரல்களுக்கு ஆதாரம் அதிகம்.

"நீங்களே மாதாமாதம் செய்யுங்கள்" என்று நோட்டீஸின் பின்பக்கம் அச்சடிக்கும் சுயபரிசோதனைக்கு அந்த ஆதாரம் கிடையாது. ஷாங்காய் நெசவாலைகளில் 2,66,064 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். மரணம் குறையவில்லை, வீண் பயாப்சிதான் கூடியது. தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்து, மாற்றம் தெரிந்தால் உடனே போவது போதும்.

ரிப்போர்ட் வந்த பிறகு

பேக்கேஜின் உண்மையான தரம் இங்கேதான் தெரியும். புற்றுச் சந்தேகம் எவ்வளவு என்று சொல்லும் பைராட்ஸ் என்ற எண் ரிப்போர்ட்டின் கடைசியில் இருக்கும். 1, 2 என்றால் போகலாம். 0 என்றால் நல்லது என்று நினைத்துக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். அதன் பொருள் "பரிசோதனை முடியவில்லை, இன்னும் படம் வேண்டும்". 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டும். கூடுதல் படமோ அல்ட்ராசவுண்டோ எடுக்காமல் ஸ்கிரீனிங் படத்தை மட்டும் பார்த்து 3 போட்டிருந்தால், அது 0-வாக இருந்திருக்க வேண்டியது, கேள்வி கேளுங்கள். 4-க்குள் மூன்று படிகள்: 4ஏ 10 சதவீதம் வரை, 4பி 50 வரை, 4சி 95 வரை. வெறும் "4" என்று எழுதிக் கொடுத்தால், பத்தில் ஒன்றா பத்தில் ஒன்பதா என்று தெரியாமல் வீடே கலங்கிப்போகும். 5 என்றால் 95-க்கு மேல். 4-ம் 5-ம் வந்தால் அடுத்தது ஊசிதான். பெட் ஸ்கேனோ இன்னொரு ரத்த சோதனையோ இல்லை.

ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பயத்தில் "கட்டியை மொத்தமாக எடுத்துவிடுங்கள், பிறகு டெஸ்டுக்கு அனுப்பலாம்" என்று சர்ஜனிடம் கேட்கிறவர்கள் உண்டு; அதற்கு ஒத்துக்கொள்கிற சர்ஜன்களும் உண்டு. ஊசியால் கெடுதல் இல்லை. திட்டமில்லாமல் கட்டியை எடுப்பதால்தான் கெடுதல்: ஓரங்கள் தெரியாது, பெரும்பாலும் இரண்டாவது அறுவை வேண்டியிருக்கும், முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் வழியும் அடைபடும். சரியான முறை கோர் பயாப்சி. பொதுவாக 14 கேஜ் ஊசியில், அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி நாலைந்து துண்டுகள். பொடிப் புள்ளிகள் மட்டும் என்றால் மேமோகிராம் மெஷினிலேயே குறிவைத்து எடுத்து, எடுத்த துண்டை எக்ஸ்ரே செய்து புள்ளிகள் அதில் வந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். அந்த வசதி உங்கள் சென்டரில் உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்பதும் புக் செய்யும்போதே கேட்க வேண்டிய கேள்வி.

துண்டை எடுத்தவுடன் எதில் போடுகிறார்கள் என்று பாருங்கள். சலைன் பாட்டிலிலோ ஈரக் காஸிலோ வைத்து, மாலை வரை மேசையில் காத்திருந்தால் வேலை கெட்டது. ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத பஃபர்டு ஃபார்மலினில், துண்டைப் போலப் பத்து மடங்கு அளவில் மூழ்க வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். காரணம் இது: எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) என்ற மூன்று சோதனைகளும் இந்தத் துண்டில்தான் நடக்கும். பதப்படுத்தல் கெட்டால் ஈஆர் இருந்தும் இல்லை என்று வரலாம். ஈஆர் ஒரு சதவீத செல்களில் இருந்தாலே பாசிட்டிவ். அது தவறிப்போனால் ஐந்து வருடம் சாப்பிட்டிருக்க வேண்டிய டமாக்ஸிஃபன் மாதிரியான மாத்திரையே அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போகும். ஹெர்2-வில் 3+ என்றால் பாசிட்டிவ், 0-ம் 1+-ம் நெகட்டிவ், 2+ என்றால் முடிவு தெரியவில்லை, மரபணு அளவில் பார்த்து உறுதிசெய்யும் ஃபிஷ் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 2+ ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருந்து தொடங்கச் சொன்னால் ஃபிஷ் எங்கே என்று கேளுங்கள்.

சோதனை முடிந்ததும் மெழுகில் பதித்த பிளாக்கும் ஸ்லைடுகளும் லேபிலேயே தங்கிவிடும். வேறு மருத்துவமனைக்குப் போனால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மருந்து தொடங்க மாட்டார்கள், பிளாக்கைக் கேட்பார்கள். ரிப்போர்ட்டின் தலைப்பகுதியில் பிளாக் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிச் செல்ல அந்த எண் போதும்.